கடலோரத்துச் சிறு மக்களும் அவர்தம் தாய்மொழியும்

தைத் திங்களில் வனத்து அந்தோணியார் திருநாளன்று ஆடு மாடுகளை மந்திரித்து ஆசி வழங்குவது எம் பங்கின் வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு தீர்த்தம் தெளித்து வருகையில், கருப்பும் வெள்ளையுமாய்த் திட்டுத்திட்டாக நிறங்கொண்ட கறவைப் பசு ஒன்றைப் பிடித்து நின்ற முதியவர் ஒருவர், “சாமி, இதை எல்லாரும் எச்.எப். மாடு என்கிறார்கள். அந்த இரண்டு எழுத்துக்கும் என்ன பொருள்?” என்று வினவினார். “ஹோல்ஸ்டீன் பிரீசியன் என்பதன் சுருக்கம், பெரியவரே” என்றேன். “அவை ஊரின் பெயர்களா?” என்றார். “ஹோல்ஸ்டீன் என்பது வட ஜெர்மனியில் ஒரு நிலப்பகுதி. பிரீசியன் என்பதோ ஒரு மக்கள் இனத்தின் பெயர்” என்று கூறியதும் அவர் வியந்து நின்றார். “நமக்குப் பால் கொடுக்கும் மாட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் யாரோ, எப்படிப்பட்டவர்களோ!” என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

அங்கு நின்றபடியே அவருக்கு முழுவதும் விளக்க இயலவில்லை. ஆகவே அவருக்கும், அவரைப் போல் அறியும் ஆவலுடைய நம் குடும்பங்களுக்கும் அவ்விடையை இங்கே தர விழைகிறேன். அம்மக்கள் கடலோடு போராடித் தம் நிலத்தைக் காத்தவர்கள். அதனினும் நெடிய போராட்டத்தால் தம் தாய்மொழியைக் காத்தவர்கள். அவர்களுள் ஒருவர், நம் மண்ணின் மைந்தர் ஒருவரோடு ஒரே நாளில், ஒரே திருப்பலியில் புனிதராக உயர்த்தப்பட்டார் என்பதையும் நம்முள் பலர் அறியோம்.

நிலமும் நீரும்

நெதர்லாந்து நாட்டின் வடபகுதியில், வடகடலை ஒட்டி, பிரீஸ்லாந்து என்னும் மாகாணம் அமைந்துள்ளது. அம்மக்கள் தம் மொழியில் அதனைப் ‘பிரிஸ்லான்’ என்பர். 1997-ஆம் ஆண்டு முதல் அதுவே அதன் அதிகாரப்பூர்வமான பெயருமாகும். லேவார்டன் அதன் தலைநகர். ஏறத்தாழ ஆறரை இலட்சம் மக்கள் அங்கு வாழ்கின்றனர். நீலமும் வெள்ளையுமான சாய்ந்த பட்டைகளின் மேல் ஏழு சிவந்த வடிவங்கள் பொறித்தது அவர்களது கொடி. அவற்றைக் காணும் அயலார் இதயங்கள் என்றே எண்ணுவர். உண்மையில் அவை ஆம்பல் இலைகள். நீரும் நிலமும் பின்னிக் கிடக்கும் நாட்டிற்கு ஏற்ற சின்னமன்றோ!

அணைகள் எழுவதற்கு முந்திய காலத்தில் அந்நிலத்தைக் கடல் அடிக்கடி மூடி வடிந்தது. எனவே அங்குக் குடியேறியோர் களிமண்ணையும் சாணத்தையும் குப்பையையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி மேடுகளை உயர்த்தி, அவற்றின் மேல் வீடு கட்டி வாழ்ந்தனர். இம்மேடுகளுக்குத் ‘தெர்ப்’ என்று பெயர். சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இப்பணி தொடங்கியது. ஹேகெபெய்ந்தும் என்னும் சிற்றூரிலுள்ள மேடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 9 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியில் பழைமையான கோயில் ஒன்று இன்றும் நிற்கின்றது. 

பதினோராம் நூற்றாண்டுக்குப் பின்னர் அவர்கள் கடலோரம் முழுதும் மண்ணணைகளை எழுப்பலாயினர். “அணை கட்ட இசையாதவன் நிலத்தை விட்டு அகலட்டும்” என்பது அக்கடலோர மக்களிடையே வழங்கிய பழமொழி. வெறும் அறிவுரையன்று அது. சட்டமாகவே நடைமுறையில் இருந்தது. தன் பங்கு அணையைப் பழுதுபார்க்காதவனால் ஊர் முழுதும் மூழ்குமாதலால், அவன் நிலத்தை இழக்க நேர்ந்தது. ஆயினும் கடல் பலமுறை வென்றது. 1287-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், புனித லூசியாள் திருநாளுக்கு மறுநாள், பெருவெள்ளம் பாய்ந்து பல்லாயிரவரைக் கொண்டது. 1362-இல் புனித மார்செல் திருநாளையொட்டி எழுந்த வெள்ளத்தில், வடக்குப் பிரீசியர் நாட்டில் ருங்கோல்ட் என்னும் வணிகத்துறை கடலுக்குள் மறைந்தது. தம்மைச் சாய்த்த வெள்ளங்களுக்குக்கூடப் புனிதர்களின் பெயரைச் சூட்டி நினைவில் வைத்த மக்கள் அவர்கள்.

இவ்வாறு ஊரார் அனைவரும் கூடி உழைத்தே உயிர்வாழ வேண்டிய நிலையில், ஒரு பிரபுவுக்கு அடிமைப்பட்டிருக்கும் முறை அங்கு வேரூன்றவில்லை. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் குடியானவர் நிலப்பிரபுக்களின்கீழ் நலிந்த காலத்தில், பிரீசியர் தம் வழக்குகளைத் தாமே தீர்த்து, தம் சட்டங்களைத் தம் மொழியிலேயே எழுதி வைத்தனர். அவ்வாறு எழுதப்பெற்ற பழஞ்சட்ட நூல்களே பழம்பிரீசிய மொழியின் தலைசிறந்த செல்வமாக இன்றும் விளங்குகின்றன.

நற்செய்தி சென்ற வழி

இம்மக்களிடம் கிறிஸ்து எவ்வாறு அறிவிக்கப்பட்டார்? அவ்வரலாறு எளிதானதன்று. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் பிராங்கு அரசர்கள் படையுடன் பிரீசியர் நாட்டை நெருக்கினர். அதே வேளையில் நற்செய்தியும் வந்தது. தம் மீது வாளோங்கி நின்றவனின் சமயமாகவே மக்கள் அதனைக் கண்டனர். கி.பி. 719-இல் இறந்த ராட்பாத் என்னும் பிரீசியத் தலைவனைப் பற்றி மரபுக்கதை ஒன்று உண்டு. ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்தவன், “என் முன்னோர் எங்கே இருக்கின்றனர்?” என்று கேட்டானாம். அவர்கள் நரகத்தில் உள்ளனர் என்று விடை வந்ததும், “சிலரோடு மோட்சத்தில் இருப்பதைவிட என் முன்னோருடன் அங்கே இருப்பேன்” எனக் காலை வெளியே எடுத்துக்கொண்டானாம். வரலாற்று அறிஞர் இதனை நம்பத் தயங்குவர். ஆயினும் முன்னோரை இகழ்ந்து சொல்லப்படும் எச்செய்தியும் ஒரு மக்களின் நெஞ்சில் இறங்காது என்னும் உண்மை இக்கதையில் உண்டு. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, நேரிய மனத்துடன் கடவுளைத் தேடுவோரும் மீட்படையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பிப்பதை நாம் அறிவோம்.

கி.பி. 690-இல் வந்த இங்கிலாந்து நாட்டவரான புனித வில்லிப்ரோர்து, 695-இல் பிரீசியரின் ஆயராக உரோமையில் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரது தாய்மொழிக்கும் பிரீசியருடைய மொழிக்கும் நெருங்கிய உறவு இருந்தமை அவருக்குப் பெருந்துணையாயிற்று. புனித போனிப்பாசு தமது முதிர்ந்த வயதில் மீண்டும் அந்நாட்டிற்கே சென்று, 754-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் டொக்கும் என்னும் ஊருக்கு அருகில் தம் தோழர்களுடன் வெட்டுண்டு மறைசாட்சியாக இறந்தார்.

எனினும் பிரீசியர் நெஞ்சைத் திறந்தவர் அம்மண்ணிலேயே பிறந்த புனித லுட்கர் எனலாம். பின்னாளில் மூன்ஸ்டர் நகரின் முதல் ஆயராகிய இவர், பெர்ன்லெப் என்னும் பார்வையிழந்த பாணர் ஒருவரைச் சந்தித்தார். முன்னோரின் வீரச் செயல்களையும் மன்னர்களின் போர்களையும் பாடியதால் அண்டை அயலாரெல்லாம் அப்பாணரை நேசித்தனர். லுட்கரின் செபத்தால் பெர்ன்லெப் பார்வை பெற்றார் என்றும், பின்னர் அவரிடம் திருப்பாடல்களைக் கற்றுக்கொண்டார் என்றும் லுட்கரின் வாழ்க்கை வரலாறு கூறுகின்றது. முன்னோர் புகழ் பாடிய அதே நாவில் தாவீதின் பாடல் ஏறிய அந்நாளில்தான் பிரீசியர் மண்ணில் நற்செய்தி குடிபுகுந்தது என்று சொல்லத் தோன்றுகின்றது.

வீட்டிற்குள் ஒதுங்கிய மொழி

பிரீசிய மொழி ஆங்கிலத்தின் நெருங்கிய உறவினன். கோயிலை டச்சுக்காரர் ‘கெர்க்’ என்பர், பிரீசியரோ ‘செர்க்கெ’ என்பர், ஆங்கிலத்தில் ‘சர்ச்’. பாலாடைக் கட்டிக்கு டச்சுச் சொல் ‘காஸ்’, பிரீசியத்தில் ‘ட்ஸீஸ்’, ஆங்கிலத்தில் ‘சீஸ்’. இச்சில சொற்களே அம்மொழி டச்சின் திரிந்த வடிவமன்று, தனித்து நிற்கும் மொழி என்பதைக் காட்டப் போதும்.

ஆயினும் மொழியின் தலைவிதி 1498-ஆம் ஆண்டில் மாறியது. பேரரசர் மாக்சிமிலியன் சாக்சனி நாட்டு ஆல்பிரெக்டை அவர்கள் மேல் ஆளுநராக நியமித்தார்; பழைய சுதந்திரம் முடிவுற்றது. புதிய அதிகாரிகள் தம் மொழியைக் கொண்டு வந்தனர். அலுவலகமும் நீதிமன்றமும் படிப்படியாக டச்சு மொழிக்கு மாறின. பின்னர் சீர்திருத்த சபையின் ஆதிக்கம் வந்தது. 1580-இல் கத்தோலிக்கரின் பொது வழிபாடு தடை செய்யப்பட்டது. 1637-இல் வெளிவந்த டச்சு விவிலியம் ஆலயங்களிலும் இல்லங்களிலும் இடம்பெற்றது. ஆட்சியாளரின் மொழி ஒன்று, ஆண்டவரின் மொழியும் அதுவே என்றாகிவிட்டது. பிரீசியத்திற்கு எஞ்சியவை மாட்டுத் தொழுவமும் அடுப்பங்கரையும் குழந்தையின் தொட்டிலுமே.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அரசு கைவிட்டது, நீதிமன்றம் கைவிட்டது, பிரசங்க மேடையும் கைவிட்டது. அவ்வாறிருந்தும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அம்மொழி இறக்கவில்லை. ஏன்? தாய்மார் கைவிடவில்லை என்பதே விடை. பால் கறக்கையிலும் ரொட்டி சுடுகையிலும் அவர்கள் பேசிய மொழி, ஏடு எழுத்தின்றியும் வாய்வழியே வாழ்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் போல்ஸ்வார்டு நகரப் பள்ளி ஆசிரியர் கிஸ்பெர்ட் யாபிக்ஸ் அம்மொழியை மீண்டும் இலக்கிய அரங்கில் ஏற்றினார். அவரது பாடல் தொகுதி 1668-இல், அவர் மறைந்து ஈராண்டு கழிந்த பின்னரே அச்சேறியது. உழவர் பேச்சென்று இகழப்பட்டது கவிதைக்கும் உரியதென அந்நூல் நிலைநாட்டியது.

தடியடி வெள்ளி

இகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1951-ஆம் ஆண்டு ஹேரன்வேன் நகர நீதிமன்றத்தில் பிரீசியத்தில் பேசியவர்களை அம்மொழியில் கேட்க நீதிபதி மறுத்தார். தம் பால் கலத்தின் மேல் பிரீசியச் சொல்லை எழுதிய வணிகர் ஒருவரும் அந்நாளில் குற்றவாளியாக நிற்க நேர்ந்தது. இதனைக் கண்டித்துக் கவிஞரும் பத்திரிகையாசிரியருமான பெத்தே ஸ்கூரர் கடுமையாக எழுதினார். நீதிபதியை அவமதித்தார் என்று அவர் மீதே வழக்குத் தொடரப்பட்டது.

அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, லேவார்டன் நகரில் அவ்வழக்கு நடைபெற்றது. நீதிமன்றத்தின் முன் மாணவரும் பொதுமக்களும் திரண்டனர். கூட்டத்தைக் கலைக்கப் போலீசார் தடிகளால் அடித்தனர், நீரையும் பீய்ச்சினர். அந்நாளுக்குத் ‘தடியடி வெள்ளி’ என்றே பெயர் வழங்கலாயிற்று. தம் நாட்டில் தம் மொழி பேச விரும்பியதற்காக மக்கள் அடிபட்ட செய்தி நாடு முழுவதையும் உலுக்கியது. 

அரசு கலங்கியது, பின்னர்ச் செவிசாய்த்தது. 1955-இல் தொடக்கப் பள்ளிகளில் இரு மொழிகளிலும் கற்பிக்கச் சட்டம் இடமளித்தது. 1956-இல் நீதிமன்றத்தில் பிரீசியத்தில் பேசவும், கடவுள் பெயரால் சத்தியம் செய்யவும் உரிமை கிடைத்தது. 1980 முதல் மாகாணத்தின் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் அது கட்டாய பாடமாயிற்று. 2014-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், அம்மாகாணத்தில் டச்சுடன் பிரீசியமும் ஆட்சிமொழி என உறுதிப்படுத்தியது. இதற்கிடையே 1943-இல் முழு விவிலியமும் பிரீசியத்தில் வெளிவந்திருந்தது. 1938-இல் நிறுவப்பெற்ற பிரீசிய ஆய்வுக்கழகத்தின் பேரகராதி 25 தொகுதிகளாக வளர்ந்து 2011-இல் நிறைவெய்தியது.

ஆனால் சட்டம் வந்ததனால் மட்டும் அச்சம் தீர்ந்துவிடவில்லை. அம்மாகாணத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிரீசியம் கேட்டால் புரிந்துகொள்கின்றனர். அதைத் தாய்மொழியாகக் கொண்டவரோ ஏறத்தாழ பாதிப் பேர். அதனை நன்கு எழுத வல்லவர் இன்னும் சிலரே. நகர்ப்புற இளம் பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் டச்சிலேயே பேசுகின்றனர். தடிக்கு அஞ்சாத மொழி, வீட்டின் மௌனத்திற்கு அஞ்ச வேண்டியிருக்கின்றது!

ஜெர்மனியில் வாழும் பிரீசியரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வடக்குப் பிரீசியத் தீவுகளிலும் கரையிலும் அம்மொழி பேசுவோர் சில ஆயிரவரே. சாட்டர்லாந்து என்னும் கத்தோலிக்கச் சிற்றூர்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மற்றொரு வகைப் பிரீசியத்தைப் பேசுகின்றனர். சுற்றிலும் சதுப்புநிலம் சூழ்ந்து வெளியுலகைத் தடுத்ததால் அம்மொழி அங்குப் பிழைத்தது. அதற்கு அகராதி தொகுத்தவரும், 2000-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டையும் திருப்பாடல்களையும் அதில் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் யார் தெரியுமா? போஸ்டன் நகரில் பிறந்த அமெரிக்கக் கறுப்பின அறிஞரான மாரன் போர்ட்! பிறர் மொழியையும் தன் மொழிபோல் நேசிக்க முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வெறுப்பில்லாத மொழிப்பற்று

இனி நான் முதலில் குறிப்பிட்ட புனிதரிடம் வருகிறேன். இதற்காகத் தடியடி வெள்ளிக்கு முந்திய காலத்திற்குத் திரும்ப வேண்டும்.

கவிஞர் யாபிக்ஸ் வாழ்ந்த அதே போல்ஸ்வார்டு நகரின் அருகில், 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், பால்மாடுகள் வைத்துப் பிழைத்த கத்தோலிக்கப் பிரீசியக் குடும்பம் ஒன்றில் டைட்டஸ் பிராண்ட்ஸ்மா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அன்னோ ஷுர்ட். ஆறு பிள்ளைகளுள் ஐவர் துறவறம் புகுந்தனர். இவர் கார்மேல் சபையில் சேர்ந்து, 1905-இல் குருவானார். நெய்மேகன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், 1932-33 கல்வியாண்டில் அதன் தலைவராகவும் விளங்கினார்.

கல்வியின் உச்சியை அடைந்தும் அவர் தம் அன்னையின் மொழியை மறக்கவில்லை. கத்தோலிக்கப் பிரீசியர் சங்கத்தில் ஊக்கத்துடன் உழைத்தார். தம் மக்களின் மொழிக்குப் பள்ளியிலும் வழிபாட்டிலும் மதிப்புக் கிடைக்கப் பாடுபட்டார். போனிப்பாசு உயிர்நீத்த டொக்கும் நகருக்குத் திருப்பயணம் செல்லும் வழக்கம் தழைக்கத் துணைநின்றார்.

அக்காலத்தில்தான் நாசிக் கொள்கை பரவியது. இரத்தத்தையும் இனத்தையும் தெய்வமாக்கிய அக்கொள்கையினர், பழமையான ஜெர்மானிய இனம் என்று பிரீசியரையும் புகழ்ந்து தம் பக்கம் இழுத்தனர். பிரீசிய இயக்கத்தாருள் சிலரும் அவ்வலையில் வீழ்ந்தனர். பிரீசியராகவே பிறந்து, பிரீசியத்தை உயிராக நேசித்த டைட்டஸ் அடிகளார் வீழவில்லை. அக்கொள்கையின் பொய்மையை விரிவுரைகளிலும் மறையுரைகளிலும் வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1941-இல் யூதப் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிகளிலிருந்து நீக்கும்படி ஆணை வந்தபோது எதிர்த்து நின்றார். 1942 ஜனவரியில், நாசிக் கட்சியின் விளம்பரங்களை வெளியிடலாகாது என்னும் ஆயர்களின் கட்டளையை ஏந்திக் கத்தோலிக்கப் பத்திரிகையாசிரியர்களை நேரிற் சென்று கண்டார். அம்மாதம் 19-ஆம் நாள் கைது செய்யப்பட்டார்.

சிறைகள் பல கடந்து, டாக்கா வதைமுகாமை அடைந்தார். அங்கு 1942 ஜூலை 26-ஆம் நாள் நச்சூசி ஏற்றிக் கொல்லப்பட்டார். ஊசியிட்ட செவிலிக்குத் தம் செபமாலையை அவர் கொடுத்தார். தனக்குச் செபிக்கத் தெரியாதென்று அவள் கூற, “பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று மட்டுமாவது சொல்லும்படி கூறினார். பிற்காலத்தில் திருச்சபையின் விசாரணையில் அச்செவிலியே முன்வந்து இதனைச் சாட்சியாக அளித்தாள்.

தன் மொழியை நேசிப்பவன் பிற இனத்தாரை வெறுத்தே ஆக வேண்டும் என்று நினைப்போர் உண்டு. பிறரை நேசிக்க வேண்டுமாயின் தன் மொழியை மறக்க வேண்டும் என்று கருதுவோரும் உண்டு. இருசாராருக்கும் டைட்டஸ் அடிகளாரின் வாழ்வே மறுமொழியாக நிற்கின்றது. அவர் போற்றிய தாய்மொழி தம் வீட்டாரை நேசிக்கக் கற்பித்தது; அந்நேசமே யூதக் குழந்தையையும், தம்மைக் கொன்ற செவிலியையும் தம் வீட்டாராகக் காணச் செய்தது.

2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், உரோமைப் பேதுரு பேராலயச் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பதின்மரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர்களுள் ஒருவர் டைட்டஸ் பிராண்ட்ஸ்மா. மற்றொருவர் நட்டாலத்தில் பிறந்து, ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் 1752-இல் இரத்தம் சிந்திய நம் தேவசகாயம்! லாசர் என்னும் விவிலியப் பெயருக்குக் கடவுளின் உதவி என்பது பொருள். அப்பெயரே நம் மக்கள் நாவுக்கேற்ப ‘தேவசகாயம்’ ஆயிற்று. தாய்மொழியில் அழைக்கப்பட்ட அம்மறைசாட்சியும், தாய்மொழிக்காக உழைத்த இம்மறைசாட்சியும் ஒரே பீடத்தின் முன் ஒருங்கே அறிவிக்கப்பட்டது இறைவனின் இனிய ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

கொட்டகையில் நிற்கும் கருப்பு வெள்ளைப் பசுவைக் காணும்போது, பெரியவரே, இனி அம்மக்களையும் நினைவுகூருங்கள். இன்றிரவு குடும்ப செபத்திற்குப் பின் பேரப்பிள்ளைகளை மடியில் அமர்த்தி, இக்கதையை நம் மொழியில் அவர்களுக்குச் சொல்லுங்கள். பிரீசியத் தாய்மார் தம் மொழியைக் காத்ததும் இவ்வாறே.